சிறு வயதில் தாடைக்கட்டி வந்தால் உள்ளங்கையையும் விரித்துப் பாருங்கள்: கோர்லின் சிண்ட்ரோம் பற்றி ஒரு இழை

வேர்முனை (வாய், தாடை அறுவை)

பல் மருத்துவத்தில் இருப்பவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். மற்றவர்களும் தாராளமாக வரலாம்.

வழக்கமாக இப்படித்தான் வரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. பால்பல் விழுந்து நாளாகியும் அடுத்த பல் முளைக்கவில்லை, அல்லது கீழ்த்தாடையில் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருக்கிறது. வலி என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஓபிஜி (இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தால் முளைக்காத கடைவாய்ப்பல்லைச் சுற்றி ஒரு கருப்பு வட்டம். எதிர்ப்பக்கத்திலும் சின்னதாக இன்னொன்று. திறந்து எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறோம். ஓடான்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட், அதாவது பல் உருவாகும் திசுவிலிருந்து தாடை எலும்புக்குள் வளரும் ஒரு வகைக் கட்டி, என்று ரிப்போர்ட் வருகிறது. தையல் பிரித்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அந்த வீட்டுக்கு அனுப்புவதில்தான் எனக்குப் பிரச்சினை. இருபது வயதுக்குள் கெரட்டோசிஸ்ட், அதுவும் ஒன்றுக்கு மேல் இருந்தால், கோர்லின் சிண்ட்ரோம் இல்லை என்று உறுதியாகும்வரை அந்தக் கோப்பை மூடக்கூடாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது பரம்பரையாக வரும் அரிய நோய். தோலின் அடிவரிசைச் செல்களில் தொடங்கும் பேசல் செல் புற்று திரும்பத் திரும்ப வரும். தாடை எலும்பில் கெரட்டோசிஸ்ட் வரும். விலா எலும்பு பிளந்திருக்கலாம், மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவிலிருக்கும் ஃபால்க்ஸ் உறையில் சுண்ணாம்பு படியலாம், உள்ளங்கை, உள்ளங்காலில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். 1894லேயே யாரிஷ், வொயிட் என்ற இருவர் இதைத் தனித்தனியாக எழுதிவைத்தார்கள். 1960ல்தான் ராபர்ட் கோர்லினும் ராபர்ட் கோல்ட்ஸும் தோல், தாடை, விலா மூன்றையும் ஒரே நோயாக முடிச்சுப் போட்டார்கள். பண்டைய எகிப்திய எலும்புக்கூடுகளில்கூடப் பிளந்த விலாவும் தாடைக் குழிகளும் சேர்ந்து இருந்ததாகப் பதிவு உண்டு. ஆக, புது நோய் இல்லை.

வயது வரிசையைக் கவனியுங்கள். மூளைக்கட்டி வருவதானால் இரண்டு வயதுவாக்கில். தாடைக்கட்டி பத்திலிருந்து இருபதுக்குள். தோல் புற்று பெரும்பாலும் இருபதுகளில். சூலகக் கட்டி முப்பதையொட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டர். முழு மனிதரையும் ஒரே சமயத்தில் பார்ப்பவர் யாருமே இல்லை. இந்த வரிசையில் பலருக்கு முதலில் வாய்ப்பது நாம்தான்.

---

தோலாய்வி (தோல் மருத்துவம்)

நல்ல இழை. ஆனால் "தோல் இருபதுகளில்தான்" என்று படித்துவிட்டு யாரும் பிள்ளைகளின் தோலைப் பார்க்காமல் விட்டுவிடக்கூடாது என்பதால் குறுக்கே வருகிறேன்.

சிறு பிள்ளைகளின் கழுத்தில், கண்ணிமையில், அக்குளில் தொங்கும் மரு மாதிரி ஒன்றிரண்டு இருக்கும். பெரியவர்களுக்கு அது சகஜம். சின்னப் பிள்ளைக்கு அது சகஜம் கிடையாது. சுரண்டி எறிந்துவிடாமல் பயாப்சிக்கு அனுப்பினால் சில சமயம் பேசல் செல் புற்று என்றே வரும்.

அப்புறம் நிறம். பாடப் புத்தகப் படங்களில் பேசல் செல் புற்று என்றால் வெளிறிய தோலில் முத்துப் போல மின்னும் இளஞ்சிவப்பு மேடு, மேலே நூல் நூலாக ரத்த நாளங்கள். பழுப்பு, கருப்புத் தோலில் அதையே எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவோம். அங்கே அது பெரும்பாலும் நிறமேறி வரும்: கருநீலமாகவோ கரும்பழுப்பாகவோ, பார்த்தால் பிறவி மச்சம் மாதிரி. நோயாளியும் "இது ரொம்ப நாளாக இருக்கும் மச்சம்" என்றுதான் சொல்வார். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்தால் இலை விளிம்பு போன்ற திட்டுகளும் சாம்பல் நீல உருண்டைகளும் தெரியும். மச்சத்தில் அவை தெரியாது.

எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் 105 நோயாளிகளை வைத்து 1997ல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் வெள்ளையர்களில் 80 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு பேசல் செல் புற்றாவது இருந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 38 சதவீதம்தான். அந்த இரண்டாவது பிரிவில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் எண்ணைக் கல்லில் பொறிக்க வேண்டாம். இருந்தாலும் போக்கு தெளிவு. வெள்ளைத் தோலில் சிலருக்கு ஆயிரத்தைத் தாண்டியது. கருத்த தோலில் ஒன்று முதல் மூன்றுதான். மெலனின் காப்பாற்றுகிறது. கூடவே நோயையும் மறைத்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே வேர்முனை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கருத்த தோலுக்காரர் என்றால் தோல் காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள், தாடைதான் காட்டிக்கொடுக்கும்.

உள்ளங்கைக் குழிகளைப் பார்ப்பதற்கு ஒரு வழி: கையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைக்கச் சொல்லுங்கள். ஈரம் ஒற்றியபின் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்துப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அகலம், ஊசியால் குத்தி எடுத்தது போல விளிம்பு செங்குத்தாக இருக்கும். அந்த இடத்தில் தோலின் மேல் கொம்புப் படலம் மட்டும் இல்லாததுதான் காரணம். அடிப்பகுதி வெளிறிய தோலில் சிவப்பாகத் தெரியும். கருத்த தோலில் அழுக்குப் புள்ளி மாதிரி இருக்கும். கையால் வேலை செய்பவர்களுக்குக் காய்ப்புக்கு நடுவே ஒளிந்திருக்கும். விரல் இடுக்குகளையும் விடாதீர்கள்.

---

முதலாமாண்டு

டாக்டர், ஒரு சந்தேகம். எத்தனை குழி இருந்தால் கணக்கு? ஒரு புத்தகத்தில் இரண்டு என்கிறார்கள், இன்னொன்றில் மூன்று. அதே மாதிரி ஒரே ஒரு கெரட்டோசிஸ்ட், வேறு எதுவும் இல்லை என்றால் என்ன செய்வது? எல்லோரையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா?

---

வேர்முனை

இரண்டும் சரிதான். 1993ல் வந்த அளவுகோலும் 1997ல் வந்ததும் வேறுவேறு. 2011ல் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி இன்னொன்று வெளியிட்டார்கள். அதில் இரண்டு குழி போதும். தேர்வுக்குப் படிப்பதானால் உங்கள் பாடத்தில் உள்ளதை எழுதுங்கள். நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டா மூன்றா என்று தராசில் நிறுத்துப் பயனில்லை.

பெரிய அடையாளங்கள்: இளவயதுப் பேசல் செல் புற்று அல்லது வெயிலுக்கும் தோல் நிறத்துக்கும் பொருந்தாத எண்ணிக்கையில் புற்று, இருபது வயதுக்குள் கெரட்டோசிஸ்ட், உள்ளங்கை, உள்ளங்கால் குழிகள், ஃபால்க்ஸில் தகடு தகடாகச் சுண்ணாம்பு, சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா புற்றுக்கட்டி, குறிப்பாக நார்த்திசு மிகுந்த டெஸ்மோபிளாஸ்டிக் வகை, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது இந்த நோய். சிறிய அடையாளங்கள்: விலா, முதுகெலும்புக் கோளாறுகள், பெரிய தலை, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, இதயத்திலோ சூலகத்திலோ நார்க்கட்டி, வயிற்றுக்குள் நிணநீர்க் கட்டி, மாறுகண் போன்ற கண் குறைகள். இரண்டு பெரியது, அல்லது ஒரு பெரியதோடு இரண்டு சிறியது இருந்தால் கோர்லின் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே கட்டி விஷயத்துக்கு வருகிறேன். கோர்லின் இல்லாமல் தனியாக வரும் கெரட்டோசிஸ்ட் உலகத்தில் நிறைய உண்டு. அது பெரும்பாலும் இருபது வயதுக்கு மேல், ஞானப்பல் பக்கம் ஒன்றே ஒன்றாக வரும். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஒன்று என்றால், கையைப் பார்த்து, குடும்பத்தை விசாரித்து, ஒன்றும் இல்லையென்றால் வழக்கம்போல் தொடருங்கள். பதின்மூன்று வயதில் ஒன்று என்றால் மற்ற எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். இரண்டு, மூன்று என்றாலோ, மேல்தாடை ஒன்று கீழ்த்தாடை ஒன்று என்றாலோ, மரபணு மருத்துவரிடம் அனுப்பாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இந்தக் கட்டியின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். இது எலும்பை வெளியே தள்ளி உப்பவைப்பதில் அவசரம் காட்டாது. உள்ளே மஜ்ஜைப் பகுதி வழியாக முன்னும் பின்னும் நீளும். அதனால் முகத்தில் ஒன்றும் தெரியாத நேரத்தில் தாடைக் கோணத்தையும் தாண்டி மேலே ஏறியிருக்கும். கீழ்த்தாடையின் பின்பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். உள்ளே வெள்ளையாக, திப்பிதிப்பியாக கெரட்டின் (நகத்திலும் முடியிலும் உள்ள அதே புரதம்). சுவர் படு மெல்லியது, எடுக்கும்போதே கிழியும். மைக்ரோஸ்கோப்பில் ஆறு முதல் எட்டு செல் தடிமனே உள்ள எபித்தீலியம் என்ற உள்வரிப் படலம், மேற்பரப்பு நெளிநெளியாக பாராகெரட்டின், அடி வரிசை செல்கள் வேலிக்கால் நட்ட மாதிரி ஒரே ஒழுங்கில். சுவருக்குள் குட்டிக் கட்டிகள். கிழிந்து ஒரு துணுக்கு உள்ளே தங்கினால் போதும், மறுபடி வளரும்.

பழைய ரிப்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு: 2005ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கட்டி வகையில், அதாவது ட்யூமர் என்று, சேர்த்தது. 2017ல் திரும்பவும் சிஸ்ட் வகைக்கே மாற்றியது. நடுவில் வந்த ரிப்போர்ட்டில் 'ட்யூமர்' என்று இருந்தால் பதற வேண்டாம். அதே பொருள்தான்.

---

நிழல்தேடி

நான் டாக்டர் இல்லை. நோயாளி. படித்துக்கொண்டே வந்தேன், ஒன்றிரண்டு சொல்லத் தோன்றுகிறது.

எனக்குத் தாடை வீங்கியபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். சொத்தைப்பல் சீழ் என்று மாத்திரை தந்தார்கள். வற்றியது. திரும்ப வந்தது. திரும்ப மாத்திரை. பிறகு ஒரு இடத்தில் பெரிய எக்ஸ்ரே எடுத்து, கட்டியில் ஓட்டை போட்டு வாய்க்குள்ளேயே திறந்துவிட்டார்கள். அதை மார்சுப்பியலைசேஷன் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்தக் குழிக்குள் மஞ்சள் மருந்து தோய்த்த நாடாத்துணியைத் திணித்து வைப்பார்கள். அதன் வாடை இருக்கிறதே, சாப்பாட்டில், தலையணையில், எல்லாவற்றிலும் அதுவேதான். துணியை நிறுத்தியபின் ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புத்தண்ணீர் ஏற்றி நானே கண்ணாடி முன் நின்று குழியைக் கழுவ வேண்டும். தண்ணீரோடு வெள்ளைத் துணுக்குகள் வெளியே வரும். குழி மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கியது. உள்ளே புதைந்திருந்த என் பல் தானாகவே மேலே வந்து நின்றது. அந்தப் பல் இன்றும் இருக்கிறது.

என் வருத்தம் வேறு. அத்தனை பேர் என் வாயைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என் கையைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வயதில் மூக்கோரம் ஒரு கருப்பு மச்சத்தில் ரத்தம் கசிந்து தோல் டாக்டரிடம் போனபோது, அவர் மச்சத்தைப் பார்த்துவிட்டு என் கையைத் திருப்பினார். "சின்ன வயதில் தாடையில் ஆபரேஷன் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். ஜோசியம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

கேள்வி: அதற்குப் பிறகு வேறு ஓரிடத்தில் ஒருவர், "ஒவ்வொன்றாக வெட்டுவதற்குப் பதில் கதிர்வீச்சு கொடுத்துவிடலாமே" என்றார். நான் மறுத்துவிட்டேன். சரிதானே?

---

தோலாய்வி

நூற்றுக்கு நூறு சரி. வெளியில் மற்றவர்களுக்கு வரும் பேசல் செல் புற்றுக்குக் கதிர்வீச்சு நல்ல சிகிச்சைதான். கோர்லின் உள்ளவர்களுக்கு அது எதிரி. கதிர் பட்ட தோல் முழுவதும் சில ஆண்டுகளில் புதுப்புதுப் புற்றுகள் கிளம்பும். குழந்தையில் மூளைக்கட்டிக்காகத் தலைக்கும் முதுகுக்கும் கதிர் கொடுக்கப்பட்டவர்களுக்கு, பிற்பாடு அந்தப் பட்டையில் மட்டும் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. உங்கள் எல்லாக் கோப்புகளின் முதல் பக்கத்திலும் "கோர்லின், கதிர்வீச்சுச் சிகிச்சை தவிர்க்க" என்று பெரிதாக எழுதி வையுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது நீங்களே எழுந்து சொல்ல முடியாது அல்லவா.

சின்னதாக, மேலோட்டமாக இருப்பவற்றுக்குக் களிம்புகள் உண்டு, உறையவைத்து எடுக்கலாம், ஒளிமருந்துச் சிகிச்சை உண்டு. மூக்கு, கண்ணோரம் போன்ற இடங்களில் தோலை அடுக்கடுக்காக எடுத்து உடனுக்குடன் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் மோஸ் முறை நல்லது. தேவையில்லாமல் சதை இழக்க மாட்டீர்கள். வாழ்நாள் முழுக்க வெட்ட வேண்டியிருக்கும் ஆளுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு.

வெயிலைத் தவிர்ப்பவர்கள் வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவர்களில் பலருக்கு அது குறைந்தே இருக்கும்.

---

குரோமோசோம்9 (மரபணு மருத்துவம்)

பெயரிலேயே சொல்லிவிட்டேன்: பெரும்பாலானவர்களுக்குப் பிழை 9ஆம் குரோமோசோமில் இருக்கும் பேட்ச்டு1 ஜீனில். 1996ல் கண்டுபிடித்தார்கள். இந்த ஜீன் தரும் புரதம் செல்லின் மேல் உட்கார்ந்து ஸ்மூத்தன்டு என்ற இன்னொரு புரதத்தைக் கட்டிவைத்திருக்கும். கரு வளரும்போது ஹெட்ஜ்ஹாக் என்ற செய்தி வந்தால் கட்டு அவிழும், செல் பெருகும். செய்தி நின்றால் மறுபடி கட்டு. பேட்ச்டு பழுதானால் செய்தியே வராமல் ஸ்மூத்தன்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி. கோர்லின் உள்ளவர் ஒரு பிரதி பழுதாகவே பிறக்கிறார். இரண்டாவது பிரதி ஏதோ ஒரு செல்லில் வெயிலாலோ கதிராலோ தற்செயலாகவோ போனால் அந்த இடத்தில் கட்டி. அதனால்தான் இளவயதில், பல இடங்களில். ஆனால் பெரிய தலை, பிளந்த விலா போன்றவை இரண்டாவது அடிக்குக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. கரு வளரும்போதே ஒரு பிரதி குறைந்ததன் விளைவு அது. ஒரே நோய்க்குள் இந்த இரண்டு வகையும் கலந்திருப்பதுதான் அதை இவ்வளவு தாறுமாறாகக் காட்டுகிறது.

ஆணோ பெண்ணோ, நோய் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பது சதவீத வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இரண்டாவது தப்பிக்கும்" என்ற கணக்கு செல்லாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டும் நாணயம். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் புதிதாக வருகிறது. ஆகவே குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். "யாருக்கும் இல்லை" என்று சொல்லும் அப்பாவின் கையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரே குடும்பத்தில், ஒரே பிழையோடு, ஒருவருக்கு முகமெல்லாம் தழும்பு, இன்னொருவருக்கு நான்கு குழியும் ஒரு தாடைக்கட்டியும் மட்டும் என்பதெல்லாம் சாதாரணம்.

இன்னொரு ஜீன் சூஃபூ, 10ஆம் குரோமோசோமில். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பிரித்தறிவது உயிர் சம்பந்தப்பட்டது. பேட்ச்டு1 பிழை உள்ள குழந்தைகளில் மெடுல்லோபிளாஸ்டோமா வருவது இரண்டு சதவீதத்துக்கும் கீழ். சூஃபூவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு என்று 2014ல் வந்த ஆய்வு சொன்னது. சூஃபூ உள்ளவர்களுக்குத் தாடைக்கட்டி பொதுவாக வருவதில்லை. அதாவது தோலாய்வி சொன்ன "தாடைதான் காட்டிக்கொடுக்கும்" என்பது சூஃபூ குடும்பங்களுக்குப் பொருந்தாது. அங்கே முதல் அடையாளமே மூளைக்கட்டியாக இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. உடலின் சில செல்களில் மட்டும் பிழை இருக்கும் மொசைக் வகை உண்டு. அப்போது இரண்டு வெவ்வேறு கட்டிகளின் திசுவை எடுத்துப் பார்த்து, இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் பிடித்துவிடலாம். எடுத்த கட்டியைக் குப்பையில் போடாதீர்கள் என்று அறுவைக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

---

இரட்டைச்சுழி

என் கணவருக்கு இந்த நோய் இருக்கிறது. பரிசோதனையில் பேட்ச்டு1 என்று சொன்னார்கள். மகனுக்கு ஒன்றரை வயது. பிறக்கும்போதே தலை பெரிது என்று ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நெற்றி முன்னால் தள்ளி, அப்படியே அப்பா ஜாடை. ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. தலை பெரிது என்பதால் ஒருவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். மேலே படித்த பிறகு பயமாக இருக்கிறது. எடுக்கலாமா?

---

குரோமோசோம்9

அம்மா, அவசர நிலை எதுவும் இல்லாதபோது சி.டி. வேண்டாம். "கோர்லின் குடும்பம், தலைக்குள் பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ." என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர் கிடையாது. இந்த வயதில் அசையாமல் படுக்க மாட்டான் என்பதால் மயக்கம் தேவைப்படலாம், அதை மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

பெரிய தலை இந்த நோயின் ஒரு அடையாளம், அது மட்டுமே கட்டி என்று ஆகாது. தலைச் சுற்றளவைத் தொடர்ந்து அளந்து வரைபடத்தில் குறித்து வரச் சொல்லுங்கள். கோடு தன் பாதையிலேயே போனால் நிம்மதியாக இருக்கலாம். சட்டென்று மேலே ஏறினால் பார்க்க வேண்டும். அதோடு விடியற்காலை வாந்தி, நடக்கப் பழகியவன் மறுபடி தள்ளாடுவது, கண் புதிதாக மாறுவது, தலையைச் சாய்த்தே வைத்திருப்பது, காரணமில்லாத சோர்வு ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள்.

பேட்ச்டு1 என்பது உங்களுக்கு ஆறுதலான செய்தி. மூளைக்கட்டி வாய்ப்பு அதில் குறைவு. அப்படியே வந்தாலும் இந்த நோயில் வரும் டெஸ்மோபிளாஸ்டிக் வகை, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. கதிர்வீச்சு இல்லாமல் அறுவை, மருந்து என்றே திட்டமிட முயல்வார்கள்.

முடிவு வந்து அவனுக்கும் இருக்கிறது என்றால் ஒருமுறை இதய எக்கோ எடுத்துவிடுங்கள். சிலருக்கு இதயத்தில் நார்க்கட்டி இருக்கும், துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம். இல்லை என்று வந்தால், அப்பாவிடம் இருக்கும் அதே பிழையைத் தேடிப் பார்த்து இல்லை என்று சொல்வதால், அந்தப் பதிலை முழுதாக நம்பலாம். அவனுக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் வேண்டாம்.

---

சந்தேகச்சாமி

எல்லாம் சரி. ஒரு பக்கம் கதிர் எதிரி என்கிறீர்கள். இன்னொரு பக்கம், இந்த நோய் இருந்தால் எட்டு வயதிலிருந்து வருஷா வருஷம் ஓபிஜி எடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. இது என்ன நியாயம்? நோயாளிகள் எதை நம்புவது?

---

வேர்முனை

கேட்க வேண்டிய கேள்விதான். அளவுதான் பதில். ஒரு டிஜிட்டல் ஓபிஜியில் உடம்பு வாங்கும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகச் சில நாட்களில் நமக்குக் கிடைப்பதற்குச் சமம். புற்றுக்குக் கொடுக்கும் சிகிச்சைக் கதிர் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம்.

ஆனாலும் உங்கள் கேள்வியின் பின்னால் இருக்கும் எச்சரிக்கை நியாயமானது. கையில் கருவி இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு வருகைக்கும் தாடையை முப்பரிமாணமாகக் காட்டும் கூம்புக் கதிர் சி.டி. எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. இவர்களிடம் அது வேண்டாம். அறுவைக்குத் திட்டம் போடும்போது மட்டும், அதுவும் தேவையான பகுதிக்கு மட்டும் போதும். எம்.ஆர்.ஐ. வசதி கைக்கெட்டினால் அதிலும் தாடைக்கட்டி நன்றாகத் தெரியும். ஃபால்க்ஸ் சுண்ணாம்பைக் காட்டி அடையாளப் பட்டியலை நிரப்புவதற்காக மட்டும் ஒரு குழந்தைக்குத் தலை சி.டி. எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். ஜீன் பரிசோதனை இருக்கும்போது அது எதற்கு?

ஓபிஜி எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஒரு சென்டிமீட்டரில் பிடித்த கட்டியை அரை மணி நேரத்தில் சுரண்டி, ஓரத்து எலும்பை லேசாகச் செதுக்கி, மிச்சமிருக்கும் செல்களைச் சாகடிக்கும் கார்னாய் திரவம் தடவி முடித்துவிடலாம். தாடையின் பாதியைத் தின்ற கட்டி என்றால் நரம்பு மரத்துப்போகும், எலும்பு உடையும், பற்கள் கொத்தாகப் போகும். எட்டு வயதுக்கு மேல் வருடம் ஒன்று என்பது எனக்கு மிகையாகப் படவில்லை. புதிய கட்டிகள் வருவது முப்பதுக்கு மேல் பெரும்பாலும் ஓயும், அப்போது இடைவெளியைக் கூட்டலாம்.

இவர்களிடம் 'திரும்பி வந்துவிட்டது' என்று எழுதும் முன் பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். பழைய இடத்தில் மிச்சம் வளர்ந்ததா, பக்கத்தில் புதிதாக முளைத்ததா என்பது வேறு வேறு. முதலாவது நம் கைவேலை, இரண்டாவது நோயின் வேலை.

---

நிழல்தேடி

விஸ்மோடெஜிப் பற்றி யாராவது சொல்லுங்களேன். மாத்திரையிலேயே எல்லாம் போய்விடும் என்று ஒரு குழுவில் எழுதியிருந்தார்கள்.

---

தோலாய்வி

போகும் என்பது உண்மை. நின்றால் திரும்பும் என்பதும் உண்மை. குரோமோசோம்9 சொன்ன ஸ்மூத்தன்டு புரதத்தை நேரடியாகக் கட்டிப்போடும் மருந்து அது. பரவிய பேசல் செல் புற்றுக்காக 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு கோர்லின் நோயாளிகள் 41 பேரிடம் நடந்த சோதனை முடிவும் வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு அறுவை தேவைப்படும் அளவில் புதிதாக வந்தவை ஆண்டுக்கு சராசரியாக 2. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 29. இப்படி ஒரு வித்தியாசம் எங்கள் துறையில் அபூர்வம்.

அடுத்த வரியையும் படியுங்கள்: மருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேல், 54 சதவீதம் பேர், பக்கவிளைவு தாங்காமல் நிறுத்திவிட்டார்கள். இரவில் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். நாக்குக்கு ருசி போய்விடும், அதனால் எடை இறங்கும். முடி உதிரும். எதுவுமே உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தினமும் சேர்ந்து வந்தால் மனிதர் களைத்துப்போவார். அதனால் சில மாதம் எடுத்து, சில மாதம் விட்டு, மறுபடி எடுப்பது என்ற முறைக்குப் பலர் போகிறார்கள். கரு உருவாவதற்கே இந்தப் பாதை வேண்டும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஆண்கள் எடுத்தாலும் ஆணுறை கட்டாயம். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்முனை முன்கூட்டியே மூடிவிடும், அவர்களுக்கும் வேண்டாம்.

உங்களுக்கு இப்போது எத்தனை புதிதாக வருகிறது என்பதைப் பொறுத்த முடிவு இது. வருடத்துக்கு ஒன்றிரண்டு என்றால் கத்திதான் எளிது. எண்ணி மாளவில்லை என்றால் மாத்திரையைப் பேசலாம். சிலருக்கு இதே மருந்தில் தாடைக்கட்டியும் சுருங்கியது. ஆனால் தாடைக்காக மட்டும் இதைத் தொடங்க நான் சொல்ல மாட்டேன்.

---

முதலாமாண்டு

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் பிரிவில் பழைய கெரட்டோசிஸ்ட் கோப்புகளைப் புரட்டினேன். பதினாறு வயதுப் பெண், இரண்டு கட்டி. மயக்கம் கொடுப்பதற்கு முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே உள்ளேயே இருந்தது. ரிப்போர்ட்டில் "நுரையீரல் தெளிவு" என்று ஒரே வரி. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வலது பக்கம் ஒரு விலா முன்பக்கம் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிறது. பெரிய அடையாளம் ஒன்று, சிறியது ஒன்று. இது போதுமா டாக்டர்?

---

வேர்முனை

சபாஷ். இன்னும் போதாது. பிளந்த விலா ஒன்று நோயே இல்லாதவர்களுக்கும் இருக்கும், அதை வைத்து மட்டும் முத்திரை குத்தக்கூடாது. ஆனால் கூப்பிட்டு அனுப்புவதற்கு இது தாராளமாகப் போதும். உங்கள் துறைத் தலைவரிடம் சொல்லி, அவர் பெயரிலேயே வரவழையுங்கள். வந்ததும் கையை நீரில் ஊறவைத்து உள்ளங்கை, பிறகு உள்ளங்கால். தலைச் சுற்றளவு. இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரம். கழுத்திலும் முதுகிலும் மச்சம் போல இருப்பவை எல்லாம். ஒரு புது ஓபிஜி. பதினாறு வயது என்பதால் பதினெட்டை ஒட்டிச் சூலகத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்டும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்; அங்கே வரும் நார்க்கட்டி பெரும்பாலும் இரண்டு பக்கமும், சுண்ணாம்பு படிந்து இருக்கும், தெரியாத கையில் போனால் சூலகத்தையே எடுத்துவிடுவார்கள். அம்மா அப்பா இருவரையும் கூட்டிவரச் சொல்ல மறக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் "தாடைக்கட்டி, மேல் ஆலோசனைக்கு" என்று மட்டும் எழுதினால் அங்கே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. வயது, கட்டிகளின் எண்ணிக்கை, பயாப்சி முடிவு, விலா, பிறகு "கோர்லின் சந்தேகம், பேட்ச்டு1, சூஃபூ பார்க்கவும்" என்று எழுதுங்கள். பயாப்சித் துண்டு இன்னும் மெழுகு பிளாக்கில் பத்திரமாக இருக்கிறதா என்று பேத்தாலஜியில் இன்றே கேட்டுவிடுங்கள்.